அப்பா நீட்டின ஒரு டம்ளர் தண்ணி

அன்பு மகள் அம்பரீனுக்கு அம்மா ஃபரீதாவின் சலாமும் துஆவும். அல்லாஹ்வோட கிருபையில இங்க நாங்க சுகம், டொராண்டோ குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கற குட்டியும் சுகமா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்கறேன். ஆறு மாசம் ஆச்சு, பனியில வழுக்கற செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்காதே.

போன்ல சொன்னா நீ அழுவே, நானும் அழுவேன், விஷயம் வந்து சேராது, அதான் எழுதறேன். அப்பா பேரணாம்பட்டுல மாமு வீட்டுல இருக்கார்னு நாப்பத்தி மூணு நாள் உன்கிட்ட சொன்னது பொய். அவர் வேலூர் ஜெயில்ல இருந்தார். இப்ப வீட்டுக்கு வந்துட்டார், பயப்படாம உட்கார்ந்து படி. தோல் ஃபாக்டரி கழிவு கலந்து நம்ம தெருக்குழாய்ல தண்ணி டீ கலர்ல வர்றது உனக்குத் தெரியும். அப்பா அதை ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு குடிதண்ணி ஆபீஸுக்குப் போய், டம்ளர்ல ஊத்தி, நல்ல தண்ணின்னு எழுதிக் கொடுத்தீங்களே, ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்கன்னு அதிகாரிகிட்ட மரியாதையாத்தான் நீட்டியிருக்கார். அரசு அதிகாரிக்கு விஷம் கொடுக்கப் பார்த்தார்னு கேஸ். அதே தண்ணியில நான் இருபது வருஷமா குழம்பு வைக்கறேன், என் மேல ஒரு கேஸும் இல்ல.

வக்கீல் ஒவைஸ் ஜாமீன் கேட்டார். ஒரு நாள் போலீஸ் பதில் வரல, ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் ஃபைலே வரல. அப்பாவுக்குப் பொறுமை போய், உள்ள இருந்தே தன் கையால பெரிய கோர்ட்டுக்கு ஆட்கொணர்வு மனு எழுதிட்டார், என்னைக் கொண்டுவந்து நிறுத்தி எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்கன்னு. கையெழுத்து ரொம்ப அழகுன்னு ஜெயிலர் பாராட்டினாராம். மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டுத்தானே அடைச்சிருக்கு, அது சட்டவிரோதம் ஆகாது, ஜாமீனைக் கீழ கேளுன்னு பெரிய கோர்ட் அனுப்பிடுச்சு. கீழ போனா, மேல மனு போட்டிருக்கியே, அது முடிஞ்ச உத்தரவு கைக்கு வரட்டும்னாங்க. மெட்ராஸ்லேர்ந்து நமக்கு ரயில்ல மூணு மணி நேரம், அந்தக் காகிதம் வர பதினோரு நாள். அவர் தப்பு செஞ்சாரான்னு மட்டும் இதுவரைக்கும் யாரும் கேட்கல.

கடைசில அவரைக் காப்பாத்தினது போலீஸ்தான். விஷம்னு நிரூபிக்க அந்த பாட்டிலை லேபுக்கு அனுப்பி, குரோமியம் ஜாஸ்தி, உப்பு ஜாஸ்தி, குடிக்க லாயக்கில்லன்னு வந்த ரிப்போர்ட்டைப் பெருமையா கோர்ட்ல கொடுத்தாங்க. ஜட்ஜ் ரெண்டு தடவை படிச்சுட்டு, இந்த விஷம் இவருக்கு எங்க கிடைச்சதுன்னு கேட்டார். தெருக்குழாய்லன்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டார். அன்னிக்கே ஜாமீன். கேஸ் இன்னும் நடக்குது. குழாயை வழக்கு சம்பந்தப்பட்டதுன்னு சீல் வெச்சுட்டாங்க, தெருவே லாரித் தண்ணிக்கு நிக்குது, எதிர்வீட்டு மஹ்பூபி அப்பாவைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறா.

அப்பா எட்டு கிலோ இளைச்சிருக்கார். பேச்செல்லாம் தமாஷ்தான், ஜெயில் தண்ணி நம்ம வீட்டுத் தண்ணிக்கு எவ்வளவோ தேவலைங்கறார். ஆனா நேத்து சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ரசீதைப் பார்த்து அப்துல் ஹமீத்னு முழுப் பேரைக் கூப்பிட்டதும், சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் எச்சில் கையோட எழுந்து போய், ஜெயில்ல பேர் கூப்பிட்டா நிக்கற மாதிரி சுவர் ஓரமா நின்னுட்டார். நான்தான் பிடிச்சு உட்கார வெச்சேன்.

மாப்பிள்ளை வீடியோவுல விளையாட்டா மிஸ்டர் அப்துல் ஹமீத்னு ஆரம்பிப்பாரே, கொஞ்ச நாளைக்கு வேணாம்னு சொல்லு. நீயும் ஒண்ணும் கேட்காதே, அப்பான்னு கூப்பிடு, போதும். நல்லபடியா பிரசவம் ஆகி ரெண்டு உசுரும் என் கைக்கு வர அல்லாஹ் அருள் செய்யட்டும்.

துஆவோட,
உன் அம்மா
ஃபரீதா