மூன்றாவது வாக்கியம்

3 ஏப்ரல் 2004, சனி

இன்று ஐந்து பேரை முடித்தேன். பாடகர்கள் இருவர், வில்லன் நடிகர் ஒருவர், நகைச்சுவைக்காரர் ஒருவர், சிறுமியாக நடித்துப் பெயர் வாங்கி இருபது வயதுக்குள் காணாமல் போன ஒருத்தி. எல்லாரும் அமெரிக்கர்கள். ஆளுக்கு மூன்று வாக்கியம்: எங்கிருந்து வந்தார், எதனால் பெரிய ஆளானார், இப்போது எப்படி இருக்கிறார். சாட்டிலைட் சேனல்களின் மாத நிகழ்ச்சிப் புத்தகத்தில், பழைய தொடர்களுக்குப் பக்கத்தில், கட்டம் கட்டிப் போடுவார்கள். பஹ்ரைன் முழுக்கச் சந்தாதாரர் வீடுகளுக்குப் போகிறது. யாராவது படிக்கிறார்களா என்று தெரியவில்லை.

முதல் வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது. ஒருவர் சலவைக்கடையில் சட்டை தேய்த்தவர். இன்னொருவர் சவ அடக்க நிலையத்தில் ஆர்கன் வாசித்தவர். இரண்டாவது வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றுபோல. மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்கிறேன். பாதிப் பேரைப் பற்றி எங்கு தேடினாலும் ஒன்றும் கிடைப்பதில்லை.

எடிட்டர் ரகுநாதன் சார் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ஒன்றும் கிடைக்காவிட்டால், 'தற்போது கலிபோர்னியாவில் குடும்பத்தோடு ஓய்வாக வாழ்ந்து வருகிறார்.'

"அப்படி வாழலைன்னா, சார்?"

"உனக்கென்னம்மா? டூட்டி முடிஞ்சு வந்து டிவி போடறவன்கிட்ட, இந்தாளு என்ன ஆனாருன்னே தெரியலன்னு சொல்லுவியா? சோறு இறங்குமா அவனுக்கு?"

சிரித்துவிட்டேன். நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வீட்டில் இதைத் தமிழில் எழுதுவது, செருப்பைக் கழற்றிப் போட்டதுபோல் இருக்கிறது.

6 ஏப்ரல்

வெண்டல் ட்ரஸ்க். எழுபதுகளின் மேடை நகைச்சுவைக்காரர். புல்வெட்டும் இயந்திரத்தோடு சண்டை போடும் மனிதனாக வருவார். அலுவலக டேப்பில் நான்கு நிமிடம் பார்த்தேன். இயந்திரம் பேசாது, இவரும் அதிகம் பேசமாட்டார். கடைசியில் இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்பார். ஒரு தொடரில் இரண்டு வருடம் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு மெத்தை விளம்பரம். பிறகு உல்லாசக் கப்பல்கள். 1993-இல் நெவாடாவில் ஒரு சிற்றூர்ப் பத்திரிகையில் சின்ன விளம்பரம்: பௌலிங் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வெண்டல் ட்ரஸ்க், அனுமதி இலவசம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மணி ஐந்து. பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். கலிபோர்னியா, குடும்பம், ஓய்வு. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கூடத்தின் பெயரையும் ஊரையும் என் நோட்டில் குறித்துவைத்தேன். ஏன்? இலவச அனுமதிக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. இப்படி ஒன்பது பேர் இருக்கிறார்கள் நோட்டில்.

11 ஏப்ரல்

ஈஸ்டர். விடியற்காலைப் பூசை, எட்டு மணிக்கு டூட்டி.

27 ஏப்ரல்

மே மாதப் புத்தகம் வந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒனக்க பேரே இல்லையே மக்ளே?" என்றாள். பெயர் போடமாட்டார்கள் என்றேன்.

ஜூனோடு அப்பாவுக்கு ஆலையில் சர்வீஸ் முடிகிறது. அவருடைய விசா போனால் எங்கள் இருவருடையதும் போகும். என் மூன்று மாத ட்ரயல் முடிந்ததும் முதலாளி மஹ்மூது என் பெயரில் விசா அடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"ஒத்தைக்கு இங்க கெடந்து என்னத்துக்கு?" என்றாள் அம்மா.

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவளுக்கு இஷ்டம்னா இருக்கட்டும். ஊருக்கு வந்தா கெட்டிக் குடுக்கணும்னுதானே நிப்ப நீ" என்றார்.

எனக்கு இஷ்டம்தான். இவ்வளவு இஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியாது. பதினாறு வருடம் இந்த ஈசா டவுனில் இருந்துவிட்டேன். இந்த வேலை கிடைத்த பிறகுதான் எனக்கென்று ஓர் ஊர் இருப்பதுபோல் தோன்றுகிறது.

4 மே

போன். என் மேசைக்கு வந்த முதல் வெளி அழைப்பு.

ஒரு பெண். ஜுஃபைரில் அமெரிக்கக் கடற்படைத் தளத்தில், சரக்குப் பிரிவில் வேலையாம். பெயர் மார்லா. மிக மரியாதையாகப் பேசினாள். வெண்டல் ட்ரஸ்க் பற்றி எழுதியது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ஒரு வாசகி!

"அவர் என் அப்பா" என்றாள். "பதினோரு வருடமாக எங்கே என்று தெரியாது. கலிபோர்னியாவில் எந்த ஊர் என்று மட்டும் சொல்ல முடியுமா?"

பிறகு மெதுவாக, "குடும்பம் என்று போட்டிருக்கிறீர்களே. குழந்தைகள் இருக்கிறார்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பார்த்து என்னத்தைச் சொல்வது? என்னத்தைப் பார்ப்பது?

5 மே

ரகுநாதன் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தகவல் எங்க கிடைச்சதுன்னு சொல்றதில்லைன்னு சொல்லிடு. பத்திரிகைக்காரங்க எல்லாரும் சொல்றதுதான்."

"அவ தேடுவாளே, சார்."

"தேடட்டும்மா. நீ பொய்யின்னு ஒத்துக்கிட்டா அவ கம்ப்ளைன்ட் எழுதுவா. சேனல்காரன் மஹ்மூதைக் கூப்பிடுவான். உன் விசா பேப்பர் அவர் டேபிள்ல கிடக்கு. இன்னும் பத்து நாள். வாயை மூடிக்கிட்டு இரேன்."

அவர் சொல்வதில் தப்பில்லை. பத்து நாள்தானே.

8 மே

இன்றும் அவளைக் கூப்பிடவில்லை.

10 மே

சொல்லிவிட்டேன்.

நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மலையாளிக் காஃபட்டேரியாவுக்கு வரச் சொன்னேன். டாக்ஸியில் வந்தாள். என் வயதுதான் இருக்கும், இருபத்தைந்து, இருபத்தாறு. கையில் ஒரு பேப்பர்: நீளமான பெயர்ப் பட்டியல், முக்கால்வாசியைக் கோடு போட்டு அடித்திருந்தாள். கலிபோர்னியா டெலிபோன் புத்தகத்தில் இருக்கும் அத்தனை ட்ரஸ்க்குகளும். நாற்பத்து மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறாள். போன் கார்டு போட்டு, தினமும் வேலை முடிந்து வரிசையில் நின்று.

என்னால் உட்காரக்கூட முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். ஊர் இல்லை. குடும்பம் இல்லை. ஒன்றும் தெரியாதவர்களுக்கெல்லாம் நாங்கள் அதைத்தான் எழுதுவோம் என்று.

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எல்லாருக்குமா?" என்று கேட்டாள். பிறகு முகம் சிவந்தது.

"ஆறு நாளாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அவருக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களோடு இருக்கப் பிடித்துவிட்டது, அதனால்தான் எங்களைத் தேடவில்லை என்று. உங்கள் ஒரு வரியால்."

நோட்டிலிருந்து கிழித்து வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். கூடத்தின் பெயர், ஊர், 1993, வெள்ளிக்கிழமை. உண்மையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றேன். வாங்கிக்கொண்டாள். டீயைத் தொடாமல் போய்விட்டாள்.

கடைக்காரர், "எந்தா மோளே, சண்டையா?" என்றார்.

16 மே

மார்லாவின் கம்ப்ளைன்ட் வந்தேவிட்டது. மஹ்மூது என்னையும் ரகுநாதன் சாரையும் உள்ளே அழைத்தார். டீ வரவழைத்தார். கோபம் இருப்பதாகவே தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சேனல்காரர்கள் கேட்கிறார்கள், பதில் எழுத வேண்டும், இதை எழுதியது யார் என்றார்.

சார் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நிமிடம் காத்திருந்தேன். ஒரு நிமிடம் கூட இல்லை, அப்படித் தோன்றியது.

"நான்தான்" என்றேன்.

"கலாஸ்" என்றார் மஹ்மூது, முடிந்தது என்று. மேசையிலிருந்த என் விசா பேப்பரை எடுத்து டிராயரில் போட்டார். இந்த மாதச் சம்பளம் முழுதாகக் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர்தான்.

சார் காரில் கொண்டுவந்து விட்டார். எங்கள் கட்டடத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, "இங்க பதினாலு வருஷம்மா. பொண்ணு பிளஸ் டூ" என்றார். இறங்கிவிட்டேன். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் காரை எடுக்கவில்லை.

17 மே

அழுது தீர்த்தாச்சு. போதும்.

2 ஜூன்

பெட்டி கட்டுகிறோம். நான்கு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம். "துணிமணிய வச்சிட்டு இத கொண்டு போவியாக்கும்" என்று அம்மா ஏசினாள். பிறகு அவளே கயிறு போட்டாள்.

நோட்டில் இருக்கும் மற்ற எட்டுப் பேரையும் யோசிக்கிறேன். அவர்களுக்கும் மகள்கள் இருப்பார்களா?

29 ஜூன், செவ்வாய். விமான நிலையம்

அப்பாவும் அம்மாவும் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் விமானம் ஒன்பது மணிக்கு. மடியில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணல்.

போன வாரம் மார்லா எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். அலுவலகத்தில் கேட்டாளாம், நான் இல்லை என்று வீட்டு நம்பர் கொடுத்தார்களாம், காரணமும் சொல்லியிருக்கிறார்கள். என்றைக்குப் புறப்படுகிறேன் என்று கேட்டாள்.

இன்று ஆறு மணிக்கு இங்கே வந்து நின்றாள். சாரி என்று ஆரம்பித்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்தப் பௌலிங் கூடம் இன்னும் இருக்கிறதாம். கூடத்து முதலாளியின் மகனுக்கு அவள் அப்பாவைத் தெரியுமாம். நூறு மைல் தள்ளி ஓர் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நம்பர் கொடுத்திருக்கிறான். நான்கு நாளாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைகிறாள்.

"எண்ணை அழுத்தக் கை வரவில்லை" என்றாள். "நீங்கள் அழுத்திக் கொடுக்கிறீர்களா?"

அங்கே காலை எட்டரை. வேலை நாளாயிற்றே, ஞாயிறன்று கூப்பிட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பள்ளிகளுக்கு இப்போது விடுமுறையாம், வீட்டில்தான் இருப்பார் என்றாள். எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். கார்டு போனில் எண்களை அழுத்தினேன். மணி அடித்தது. நான்கு முறை, ஐந்து முறை. யாரோ எடுத்தார்கள். ஓர் ஆணின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹலோ என்றது.

டேப்பில் கேட்ட அதே குரல்தானா? இன்னும் ஒரு வினாடி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன். கண்ணாடிக் கதவைத் தாண்டி, பேச்சு எட்டாத தூரத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். நெடுநேரம் அப்படியே நின்றாள்.

"வா மக்ளே, பெட்டி போட லைன் போட்டாச்சு" என்று அம்மா கூப்பிட்டாள். போய்விட்டேன்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.