வண்டி இழுக்குது

செப்டம்பர் 4

காலையில் பாப்பாவின் ஒரு ஷூவைக் காணோம். வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் என் சக்கர நாற்காலியின் பின்பைக்குள் கிடந்தது. யார் வைத்தது என்று கேட்டால் அப்பாவும் மகளும் ஒரே குரலில், "நான் இல்லப்பா!" சரி, ஷூ தானாக நடந்து போய் ஏறிக்கொண்டது.

ஷூ நடந்ததோ என்னவோ, என் கார் இன்று தானாக நடக்கப் பார்த்தது. வேலை முடிந்து திரும்பும்போது பெரிய சிக்னலில் நிற்கிறேன். எஞ்சின் ஊம்ம்ம் என்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நான் ஒன்றும் செய்யவில்லை. பச்சை விழுந்ததும் சமர்த்தாகக் கிளம்பிவிட்டது. பெட்ரோல் சரியில்லையோ?

செப்டம்பர் 6

ஒண்ணுமில்லை அண்ணனிடம் வண்டியை விட்டேன். பட்டறைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைச் சொன்னாலும் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் எங்கள் வீட்டில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"அண்ணே, வண்டி தானா இழுக்குது" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. விட்டுட்டுப் போங்க."

சாயங்காலம் போனால் மனிதர் முகமெல்லாம் சிரிப்பு. "சக்கரத்தை நேராக்கிட்டேன். இனி இந்தப் பக்கமும் இழுக்காது, அந்தப் பக்கமும் இழுக்காது."

ஐயோ கடவுளே. பக்கவாட்டில் இழுக்கிறது என்று யார் சொன்னது?

செப்டம்பர் 7

சக்கரம் நேராக இருக்கிறது. எஞ்சின் ஏறி இறங்குகிறது.

செப்டம்பர் 9

இந்த வண்டியைப் பற்றி ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த ஆளுக்கு வாசித்துக் காட்டிவிடலாம். எனக்குக் கால் வேலை செய்யாது. அதனால் வண்டியைக் கைக்கு மாற்றியிருக்கிறோம். ஸ்டியரிங் பக்கத்தில் வலது கைக்கு ஒரு கம்பி. இழுத்தால் ஆக்சிலேட்டர், தள்ளினால் பிரேக். இடது கையில் கியர். அதன் குமிழில் ஒரு பொத்தான், அழுத்தினால் கிளச். வீட்டுக்காரர் இவரும் ஓட்டுவார் என்பதால் கால் மிதிகளைக் கழற்றவில்லை, அவையும் அப்படியே இருக்கின்றன. அவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம் புரிந்துகொள்ள?

அண்ணனிடம் இன்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "நிக்கும்போது இழுக்குது. முன்னாடி இழுக்குது."

"கம்பியை இழுத்தா வண்டி இழுக்கும்தானேம்மா" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அண்ணன் உடனே ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் மிதிகளில் வைத்து, பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம், தெருவில் ஒரு வட்டம் அடித்து வந்தார். இறங்கினார். கையைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்லு மாதிரி நிக்குதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கை கொஞ்சம் அசைஞ்சிருக்கும்."

என் கையா?

செப்டம்பர் 10

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

பள்ளிக்கூட வாசலில் ஆட்கள் கடக்கிற கோடு. பாப்பாவை ஏற்றிக்கொண்டு வந்து அங்கே நிற்கிறேன். முதல் கியரில், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி. இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு ஒருத்தர் கடக்கிறார். ஊம்ம்ம். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. கம்பியைத் தள்ளினேன், என் உயிரையே சேர்த்துத் தள்ளினேன். அவர் முழங்காலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். பையைக் கீழே போட்டுவிட்டு பானட்டில் ஓங்கி அடித்தார். "கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு?" திட்டட்டும். நான் அவராக இருந்தால் இன்னும் மோசமாகத் திட்டியிருப்பேன்.

அது பெரிதில்லை. பின்சீட்டிலிருந்து பாப்பா என் கையையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தியதும் மெதுவாகக் கேட்டாள்:

"அம்மா, உன் கைக்கும் வந்துடுச்சா?"

யார் சொன்னார்கள் அவளிடம்? நாங்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுவோம். நரம்பு டாக்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: இந்த நோய் காலில் ஆரம்பிக்கும், சிலருக்குக் காலோடு நின்றுவிடும், சிலருக்குக் கைக்கு ஏறும். எனக்கு எப்படி என்று அவருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை கையைப் பிடித்துப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதித் தருவார். இந்த வருஷத்து முறை 24ஆம் தேதி.

"இல்லடா கண்ணு, வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றேன். பொய்யா அது? எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 11

இவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கொஞ்ச நாள் நானே கொண்டுவிடுறேன்."

"கொஞ்ச நாள்னா?"

"டாக்டர் பார்க்கட்டும்."

"வண்டியைப் பார்க்கணும், என்னை இல்லை!"

"வண்டியைத்தான் பார்த்தாச்சே."

தட்டை நகர்த்தினேன். கொஞ்சம் வேகமாகத்தான் நகர்த்தினேன். சாம்பார் மேசை விரிப்பில்.

இவர் நல்லவர்தான். அதுதான் எரிச்சலே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுச் சாவியைப் பிடுங்கலாம். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால், ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைத் தொங்குகிற மாதிரி பிடித்துக்கொள்வார். வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவார். கேட்டால், "நானா? சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்." இத்தனை வருஷமாக அந்த ஒரு காலை மட்டும் என்னால் நம்பவைக்க முடியவில்லை.

வண்டி இல்லையென்றால் நான் பார்சல். யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், யாராவது வந்து எடுத்துப்போக வேண்டும். நான் பார்சல் இல்லை. இல்லவே இல்லை.

செப்டம்பர் 13

நான் காது பரிசோதனை செய்கிறவள். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வேன். இன்று வந்த அம்மாள் அறைக்குள் வரவே மாட்டேன் என்றார். "கேக்கலைன்னு தெரிஞ்சுட்டா என்ன பண்றது?"

"தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானேம்மா" என்று தேனாகப் பேசி உட்கார வைத்தேன். வாய் கூசவில்லை எனக்கு.

ஏனென்றால் எனக்கும் ஒரு பரிசோதனை தெரியும். பள்ளிக்கூட வாசல் சம்பவத்திலிருந்தே தெரியும். வண்டியை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிறகு, நிற்கும்போதெல்லாம் நான் பிடித்திருக்கிற மாதிரி, இடது கைப் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டும். எஞ்சின் ஏறினால் வண்டிக்கு நோய். ஏறாவிட்டால்…

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன உஸ்ஸ். சிகரெட்டைத் தண்ணீரில் போட்ட மாதிரி. நிஜமாகக் கேட்டதா, கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டதா? என் அறையில் சத்தமே வைக்காதபோதும் பொத்தானை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை.

செப்டம்பர் 14

டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நடுங்கியது. பிறகு இவரைப் பிடிக்கச் சொன்னேன். அவருக்கும் நடுங்கியது. "எதுக்கு இது?" என்றார். "சும்மா" என்றேன்.

செப்டம்பர் 16

இன்றும் சாவி கேட்கவில்லை. சாவி அவர் பையில் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருக்கிறதோ? இருக்கிறது. கோழை. நாத்தனார் போனில், "பேசாம ஓட்டறதை விட்டுடேன், நிம்மதியா இரு" என்கிறார். நிம்மதியாம் நிம்மதி.

செப்டம்பர் 17

கையெழுத்து கோணலாக வருகிறது. இது நடுக்கம்தான், ஆனால் வேறு நடுக்கம்.

இவர் என்னை அழைத்துப்போக வந்தார். வண்டி வீட்டிலிருந்து ஓடி வந்து சூடாக இருந்தது. வாகன நிறுத்தத்தில் கிட்டத்தட்ட யாருமில்லை. "இந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டுற சீட்ல உட்காரணும்" என்றேன். முகம் மாறியது. "ஓட்ட மாட்டேன். இங்கேயே நிக்கட்டும். ஒண்ணு பார்க்கணும்."

உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில், கைப்பிடியைப் பிடித்தபடி. நிற்கிற வண்டியில் கூட! நியூட்ரல். கைபிரேக். எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். எடுத்து, தலைக்கு மேலே தூக்கினேன், சரணடைகிறவள் மாதிரி. இடது கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

ஒன்றுமில்லை.

எஞ்சின் அதே சுருதியில் ஓடுகிறது. முடிந்தது, என் கைதான் என்று நினைத்தேன். பாப்பாவுக்கு என்ன சொல்வது என்று கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். விரலை மட்டும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று தெரியாது.

உஸ்ஸ்.

பிறகு ஊம்ம்ம். ஏறியது. இறங்கியது. ஏறியது. என் வலது கை மேலே, காற்றில்! விரலை எடுத்தேன், அடங்கியது. அழுத்தினேன், ஏறியது.

"பாருங்க! கையைப் பாருங்க! எங்க இருக்கு என் கை?"

இவர் கைப்பிடியை விட்டுவிட்டார். என் கையையே பார்த்தார். "இன்னொரு தடவை பண்ணு" என்றார். பண்ணினேன். "இன்னொரு தடவை." பிறகு இரண்டு பேரும் அழுதோம், எஞ்சின் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டி, "ஏதாவது பிரச்சனையா?" என்றார். "இருக்குங்க, வண்டியில இருக்குங்க" என்று இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஆள் எங்களைப் பார்த்த பார்வை!

செப்டம்பர் 18

பட்டறைக்கு மூன்று பேரும் போனோம், பாப்பா அடம்பிடித்ததால்.

"அண்ணே, உட்காருங்க. மிதியில கால் வைக்கக் கூடாது. சம்மணம் போடுங்க."

"சீட்லயாம்மா? எனக்கு இந்தத் தொப்பையோட…"

"நான் தினம் கால் இல்லாமத்தான் ஓட்டுறேன். ஒரு நிமிஷம் நீங்களும் இருந்து பாருங்க."

மடக்கினார். ஒரு முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது, பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். வந்த சூடு ஆறும் முன்னே பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். ஊம்ம்ம். அண்ணன் "ஐயய்யோ" என்று கதவைத் திறந்துகொண்டு குதிக்கப் பார்த்தார், சம்மணம் விடவில்லை.

அப்புறம் ஆள் மாறிவிட்டார். சிரிப்பு போச்சு. என்னைச் சீட்டில் உட்கார வைத்துப் பொத்தானைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பானட்டைத் தூக்கிக் காதை உள்ளே கொடுத்தார். எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் இழுப்பில்தான் என் கைக் கிளச் வேலை செய்கிறது. அதற்கு ஒரு ரப்பர் குழாய் போகிறது. பொத்தானை அழுத்தினால்தான் அந்தக் குழாய் திறக்கும். அதில் ஒரு வெடிப்பு. சூடேறினால் வெடிப்பு வாயைப் பிளந்து காற்றை உள்ளே விடுகிறது. எஞ்சின் தடுமாறுகிறது, கிளச் பிடி தளர்கிறது, வண்டி துள்ளுகிறது. காலால் மிதித்து ஓட்டுகிறவனுக்கு அந்தக் குழாய் திறக்கவே திறக்காது. அவன் நாள் முழுக்க ஓட்டினாலும் கல்லு மாதிரி நிற்கும்.

பிளையரால் குழாயை நெரித்தார். என் கட்டைவிரல் பொத்தானில் இருக்க, எஞ்சின் அடங்கி அமைதியானது. தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார்.

"இருக்கும்மா" என்றார். "ஒண்ணு இருக்கு."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. புதுக் குழாய் மாட்டிக்கொண்டே முணுமுணுத்தார்: "தானா ரேஸ் ஆகுதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா. இழுக்குதுன்னா நாங்க சக்கரத்தைத்தான் பார்ப்போம்."

"சொல்லியிருந்தா மட்டும் சம்மணம் போட்டிருப்பீங்களா?"

தலையைச் சொறிந்துகொண்டார்.

செப்டம்பர் 24

டாக்டர் ஒவ்வொரு விரலாகத் தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அறையில் எல்லாரும் என் முகத்தை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று இன்றுதான் புரிந்தது.

"போன வருஷம் மாதிரியே இருக்கு. ஓட்டுங்க."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் வாங்க, சொல்றேன்."

சரி. வருகிறேன். நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

அக்டோபர் 5

நாத்தனார் வீட்டுக்குப் போய் வந்தோம். நீண்ட வழி, நடுவில் மழை, ஒரு பாலத்தில் நெரிசல். நிற்க, நகர, நிற்க. பொத்தானை எத்தனை முறை அழுத்தியிருப்பேன், குரல் உயர்த்தவில்லை வண்டி. பாப்பா பின்சீட்டில் ஏதோ கதை சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பாவிடம் ஏதோ கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். கைப்பிடி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் மடியில். வலது கால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இவர் தூங்கிவிட்டிருந்தார்.

"உஷ்" என்றேன் பாப்பாவிடம். வீடு வந்தும் நிறுத்தவில்லை. தெருவை இன்னொரு சுற்று சுற்றினேன்.