மாட்டுப் பொங்கல் பெயிண்டும் பரம்பரைத் துப்பாக்கியும்

குறிஞ்சிப்பாடி,
தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், மாடு கன்றுகளும் நலம். இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் இந்த வரியைப் பொய்யாகத்தான் எழுதியிருப்பேன், இப்போது நிஜமாகவே எழுதுகிறேன். அங்கே அயர்லாந்தில் குளிர் எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கிறாயா, ஒரு ரசமாவது வைத்துக்கொள்கிறாயா? போனில் கேட்டால் சாப்பிட்டேன்மா என்று ஒரே பாட்டாகப் பாடுகிறாய். அன்றைக்கு அழுதுகொண்டே உனக்குப் போன் போட்டதோடு சரி, அதற்குப் பிறகு துப்பாக்கி விஷயத்தைப் போனில் பேசவே கூடாது, போலீஸ் ஒட்டுக் கேட்கும் என்று உன் அப்பா என் வாயைக் கட்டிவைத்துவிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் அவருக்குப் பயம் தெளியவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ செய்த உதவி எவ்வளவு பெரியது என்று உனக்கு முழுசாகத் தெரிய வேண்டும்.

பரண்மேல் கிடந்த அந்தத் துப்பாக்கி உனக்கு நினைவிருக்கும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புகளுக்குப் பூசிய பெயிண்ட் மிச்சமானால் ஏர்க்கலப்பைக்கு ஒரு பூச்சு, மண்வெட்டிக் காம்புக்கு ஒரு பூச்சு, கடைசியில் துப்பாக்கிக்கும் ஒரு பூச்சு. ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் சிவப்பு. பார்த்தால் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி இருக்கும். இரும்பையும் கட்டையையும் இப்படிப் பாழாக்குகிறீரே என்று நானும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்தேன், யார் கேட்டார்கள்? போன ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து, பரம்பரை வீரம் என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார் உன் அப்பா. அது யார் யார் கைக்கோ போய்க் கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்விட்டது. பெருமாள் ஏரியில் யாரோ பறவைகளைச் சுடுகிறார்கள் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புகார் வந்திருக்கிறது. சப் இன்ஸ்பெக்டர் ஜான்சி என்ற அம்மாள் வீட்டுக்கே வந்து மரியாதையாகத்தான் கேட்டார், பெரியவரே இது சுடுமா என்று. சுடாதும்மா, சும்மா பூஜைக்கு வைக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? இவர் மீசையைத் தடவிக்கொண்டு, "என்னம்மா இப்படிக் கேக்குறீங்க, எங்க பாட்டனுக்குப் பாட்டன் வெள்ளக்காரங்கிட்டேர்ந்து புடுங்கினது, மருந்து போட்டா இன்னிக்கும் ஏரிக்கு அந்தாண்ட போவும்" என்றார். தவளை தன் வாயால் கெட்ட கதைதான். அந்த அம்மாள் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு இவரையும் ஜீப்பில் ஏறச் சொல்லிவிட்டார்.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, சுடக்கூடியது என்று ஆகிவிட்டால் ஜெயில்தான், சுடாத பழங்காலத்துச் சாமான் என்றால் கேஸ் இல்லை என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஆனாலும் ஜான்சியம்மாள் அவசரப்படவில்லை. விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை ஊரை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்று சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பினார். அந்த நல்ல மனதுக்கு நான் எத்தனை முறை கும்பிட்டாலும் தகும். வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. மஞ்சள் பையில் கம்பளிக் குல்லாயும் சுகர் மாத்திரையும் எடுத்துவைத்துக்கொண்டு, "தில்லே, ஜெயில்ல மாத்திரை குடுப்பாங்களா?" என்று கேட்டார். ஜம்பம் அடிக்கிற மனுஷன்தான், எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், இந்த வயசில் கம்பி எண்ணுவதா என்று நினைத்துத்தான் உனக்குப் போன் போட்டேன்.

நீ பதறாமல், சிதம்பரத்தில் உன்னோடு படித்த இலக்கியாவின் அப்பாவைப் போய்ப் பார், மியூசியங்களில் பழைய ஆயுதங்களைப் பார்த்தே காலம் கழித்தவர் என்று சொன்னாயே, அந்த ஒரு சொல்தான் நம் வீட்டைக் காப்பாற்றியது. விடிந்ததும் பஸ் ஏறி மேலவீதிக்குப் போய் அருள்முருகன் சாரைப் பார்த்தேன். மூட்டுவலியோடு இருந்தவர், உன் பெயரைச் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஸ்டேஷனில் துப்பாக்கியைப் பார்த்ததும் முதலில் அவர் சிரித்தார், பிறகு முகம் இறுகிவிட்டது. குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்து எங்களையும் பார்க்கச் சொன்னார். உள்ளே எதிரும் புதிருமாக இரண்டே இரண்டு பள்ளம், திருகினாற்போல் உள்ளே போகிறது. இது கம்பெனிக்காரன் காலத்து ராணுவ ரைபிள் மாதிரி இருக்கிறது, பிரன்ஸ்விக் என்று பெயர், நிஜமாக இருந்தால் ரொம்ப அபூர்வம் என்றார். விசைக்குப் பக்கத்தில் பெயிண்டை மெல்லச் சுரண்டியதும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சிங்கம் நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சார் என்னைப் பார்த்து, அவசரப்படாதீங்கம்மா, இதைப் பார்த்துச் செய்த போலிகள் நிறைய உண்டு, சிங்க முத்திரையை எவன் வேண்டுமானாலும் அடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். என் கை அப்படியே இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற உன் அப்பா மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சார் அடிக்கட்டையைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். இங்கே ஒரு மூடி இருக்கணுமே என்றார். எங்களுக்கு அங்கே மூடி இருப்பதே தெரியாது. பெயிண்ட் கரைக்கிற திரவத்தைத் தடவி மெல்ல மெல்ல உரித்தார். மேலே பச்சை, அதன் கீழே சிவப்பு, நீலம், மறுபடி பச்சை என்று அத்தனை மாட்டுப் பொங்கலும் அடுக்கடுக்காக வந்தன. கடைசியில் ஒரு பித்தளை மூடி. சுற்றிலும் பெயிண்ட் அடைத்து அரக்கு வைத்த மாதிரி இறுகிக் கிடந்ததை ஜான்சியம்மாள் முன்னாலேயே திறந்தார். உள்ளே மக்கிப்போன துணி, அதற்குள் ஒரு ஈயக் குண்டு. வெறும் உருண்டை இல்லை, அரைஞாண் கட்டிய குழந்தை மாதிரி குண்டின் நடுவில் ஒரு வளையம் புடைத்துக்கொண்டு இருந்தது. அந்த வளையத்தைக் குழாய் வாயில் வைத்தார், இரண்டு பள்ளத்திலும் பாந்தமாகப் பொருந்தியது. இந்த இரண்டு பள்ளத்துக்கென்றே வார்த்த குண்டு இது, இத்தனை பூச்சுக்கும் அடியில் யாரும் புதிதாகக் கொண்டுபோய் வைத்திருக்க முடியாது, குழாயின் அளவும் முத்திரையும் எல்லாம் ஒத்துப்போகிறது என்றார். அது மட்டுமில்லை, வெடிமருந்துக்குத் தீ போகிற சின்னத் துளையும் பெயிண்டால் அடைந்து கல்லாகியிருந்தது. உள்ளே துருவும் ஏறியிருக்கிறது, இனி ரிப்பேர் செய்தாலும் இதனால் ஒரு காக்கையைக்கூடச் சுட முடியாது என்றார். ஜான்சியம்மாள் உன் அப்பாவைப் பார்த்து, "ஏரிக்கு அந்தாண்ட போவும்னீங்களே ஐயா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிறகு சென்னையிலிருந்து அரசாங்க நிபுணர் வந்து பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தார், கேஸ் இல்லை என்று ஆனது. நான் இத்தனை வருஷம் எதைத் திட்டினேனோ அதுதான் அவரைக் காப்பாற்றியது. இனி உன் அப்பா எதற்குப் பெயிண்ட் அடித்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன். ஒரே ஒரு குறை, இந்தத் துப்பாக்கியைக் கம்பெனிப் படையிலேயே வேலை பார்த்த நம்மாட்களும் தூக்கியிருக்கலாம், உங்கள் பாட்டன் பிடுங்கினாரா சம்பளத்துக்குச் சுமந்தாரா என்று சொல்ல முடியாது என்று சார் சொன்னதில் இவர் முகம் சுண்டிப்போனது. இப்போது சம்பளத்துக்குச் சுமந்து அப்புறம் பிடுங்கினார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். துப்பாக்கியைக் கடலூர் மியூசியத்துக்கு மனசாரக் கொடுத்துவிட்டோம். இந்த மாட்டுப் பொங்கலுக்கு மிச்ச நீலத்தை வைத்துக்கொண்டு பரணையே பார்த்தபடி நின்றார். பாவமாக இருந்தது, என் அரிவாள்மணையை எடுத்து நீட்டினேன். இப்போது நீல அரிவாள்மணையில்தான் வெங்காயம் நறுக்குகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சார் பெயிண்டை உரித்துக்கொண்டு வந்தபோது ஒரு நீலப் பூச்சில் சின்னக் கட்டைவிரல் ஒன்று அழுந்திப் பதிந்திருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நீ சின்னப் பிள்ளையில் ஈரப் பெயிண்டைத் தொட்டுவிட்டு, பாவாடையெல்லாம் நீலமாக்கி, மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டாயே, அந்தப் பொங்கல். அதைத் துடைக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு, சார் அந்த இடத்தை மட்டும் விட்டுடுங்க, எம் பொண்ணு விரல் என்றேன். சரிம்மா என்று விட்டுவிட்டார். மியூசியத்திலும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

வள்ளலாரை வேண்டிக்கொண்டபடி தைப்பூசத்துக்கு வடலூரில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போகிறேன், உனக்காகவும் சேர்த்துத்தான். அருள்முருகன் சாருக்கும் இலக்கியாவுக்கும் உன் வாயால் ஒரு நன்றி சொல்லிவிடு, மறந்துவிடாதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. அந்தத் தில்லைக் கூத்தன் உனக்கு நீண்ட ஆயுளும் குறையாத உடம்பும் கொடுக்கட்டும். போன வாரம் மியூசியத்துக்குப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் விரலை அந்த விரல்மேல் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி சில்லென்று இருந்தது. எனக்கு அது போதவில்லை பாப்பா, உன் நிஜக் கை வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் லீவு கேள்.

உன் அம்மா,
ச. தில்லையம்மாள்