இந்தப் பணம் மட்டும் வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் முட்டி வலி தேவலையா? போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இந்த வருஷம் பங்குச் சந்தை ஏறிய ஏற்றத்தில், இவருடைய மாடி அலுவலகத்துக்கு வராத ஆள் பாக்கியில்லை. பங்குத் தரகர் என்றால் சூதாடியைப் பார்ப்பதுபோல் பார்த்தவர்கள்கூட இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். ஃபிரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. போன வாரம் இவருக்கு ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், கையில் சுற்றிய பட்டையைக் கழற்றுவதற்குள் எதை வாங்கலாம் என்று கேட்டாராம். அழுத்தம் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நல்ல டாக்டர், நல்ல நோயாளி!

வருமானம் வந்தது, மறைப்பானேன். ஆனால் மனுஷன் துவண்டு போய்விட்டார். வருஷத்தின் நடுவில், பாதியை விற்று பேங்கில் போடுங்கள் என்று சிலருக்குச் சொன்னார். கேட்டு விற்றவர்கள், உங்களால்தான் லாபம் போச்சு என்று இப்போது முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இரண்டு பேர் வேறு தரகரிடம் போய்விட்டார்கள். அதிலிருந்து யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. அடுத்த வருஷம் எப்படி என்று கேட்டு வருகிறவர்கள், இன்னும் ஏறும் என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். இவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். இறங்கும் என்று ஒருத்தர்கூட நினைக்காததுதான் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

அந்த மனுஷனிடம்தான் நேற்று நீ போன் பண்ணி, அத்தான் இறந்ததற்குக் கம்பெனியில் கொடுத்த பணம் முழுவதையும் பங்கில் போட்டுத் தரச் சொன்னாய். இவர் மென்று விழுங்கிக்கொண்டே, சரிங்கக்கா என்றார். பிறகு சாப்பிடாமல் எழுந்து போனார். தரகு வேலை பார்ப்பவனுக்கா பெண் கொடுப்பது என்று வீடே குதித்தபோது இவர் பக்கம் நின்றவள் நீ ஒருத்திதான். உன்னிடம் முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வராது. எனக்கு வரும். வேண்டாம் அக்கா.

சித்தப்பா கதை உனக்குத் தெரியும். போன தடவை சந்தை விழுந்தபோது, பொறுங்கள் என்று இவர் கெஞ்சியும் பயந்துபோய் எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு விற்றார். அந்தப் பங்குகள் பிறகு பழைய விலையைத் தாண்டிவிட்டன. சித்தப்பாதான் இன்றுவரை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாண வீட்டில் இவரைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கிற வாழ்க்கை உனக்கு அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒரே வருஷத்தில் பணத்தை இரண்டு மடங்காக்கியதைப் பார்த்து, நாமும் ஒரு சொந்த வீடு வாங்கிவிடலாமே என்று உனக்குத் தோன்றுகிறது. தப்பே இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் தோன்றும். ஆனால் இது போனால் உனக்கு வேறு பணம் இல்லை அக்கா.

அடுத்த வருஷமும் ஏறினாலும் ஏறும். யார் கண்டது?

இவருக்குத் தெரியாமல் எழுதுவதாகச் சொல்லத்தான் நினைத்தேன். பொய் எதற்கு? இப்போதுதான் வந்து, யாருக்கு எழுதுகிறேன் என்று பார்த்தார். மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

செக் அனுப்பாதே அக்கா. சந்தை ஏறினால், தங்கச்சிக்காரி பொறாமையில் கெடுத்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல். சொல்லிவிட்டுப் போ, கேட்டுக்கொள்கிறேன். எனக்கே போன் பண்ணி நன்றாகத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்
சின்னவள்