திட்ட ஆளில்லாத வீடு

கட்டிலில் இன்றைக்கும் ஈரத்துண்டு கிடக்கிறது. சின்னவள் வள்ளி குளித்துவிட்டு எறிந்தது. மெத்தைக்குள் ஈரம் இறங்கி, அறை முழுக்கப் புழுங்கிய வாடை. நீ இருந்திருந்தால் உன் சத்தம் இந்நேரம் மானகிரியின் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். கடைக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பாமல் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

நம் வீட்டில் திட்டுவது உன் வேலையாக இருந்தது. படிக்காவிட்டால், சட்டையில் மை கொட்டினால், சோற்றை மிச்சம் வைத்தால், எல்லாவற்றுக்கும் நீதான். நான் கல்லலில் உரக்கடையை அடைத்துவிட்டுப் பக்கோடாப் பொட்டலத்தோடு வருவேன். அழுத பிள்ளைகள் இரண்டும் என் மடிக்கு வந்துவிடும். "வையிறது நானு, கொஞ்சுறது மட்டும் நீங்களா? நல்லா இருக்கு ஒங்க நாயம்" என்பாய். சொல்லிவிட்டு நீயும் ஒரு பக்கோடாவை எடுத்துக்கொள்வாய்.

மாசியில் ஒரு நாள் காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது என் அக்கா சொன்னாள்: "தாயில்லாப் புள்ளைகடா. ஒரு சொல்லு சொல்லிராத." அவள் என்னிடம் சொன்னது ஊருக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா பணியாரம் கொண்டுவந்து கொடுக்கிறது. பள்ளிக்கூட வேன்காரர் வள்ளிக்கு முன்சீட்டுக் கொடுக்கிறார். வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்று டீச்சர்கூடக் கேட்பதில்லை. ஒன்பதாவது படிக்கிற செந்தில், சொல்லாமலே பாத்திரம் கழுவி வைக்கிறான். இரண்டும் சண்டை போடுவதே இல்லை. எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்கிறார்கள். எனக்கென்னவோ அது நல்லதாகப் படவில்லை. ஆனால் உட்கார்ந்து யோசிக்கத் தெம்பில்லை. சமைக்கிறேன், கடைக்குப் போகிறேன், வருகிறேன். இதுவரைக்கும் அழுகை வரவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்பதே செந்தில் சொன்னால்தான் தெரிகிறது.

நேற்றுச் சாயந்தரம் வேன் வந்தது, வள்ளி வரவில்லை. செந்தில் கடைக்குப் போன் செய்தான். வேன்காரரைக் கேட்டால், "அப்பா கூப்பிட வாராகன்னு பாப்பாதான் சொல்லுச்சு" என்றார். பள்ளிக்கூட வாசல், ஊருணிக்கரை, பஸ் ஸ்டாப் என்று வண்டியில் அலைந்தேன். அப்போதும் எனக்குப் பதறவில்லை. பிள்ளையைக் காணோம், இவனுக்குள்ளே ஒன்றுமே அசையவில்லையே என்று யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கண்டுபிடித்தேன். அமராவதிபுதூரில் அவள் கூடப் படிக்கிற கயல் வீட்டில் இருந்தாள். முறுக்குத் தின்றுகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லித்தான் வந்தேன்னு சொன்னாளே! வைஞ்சிராதீக, பாவம், தாயில்லாப் புள்ள" என்றார் கயலின் அம்மா. "இல்லம்மா, வையல" என்றேன். "பரவாயில்லத்தா, வா" என்று வள்ளியை வண்டியில் ஏற்றினேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் அவள் இறங்கவில்லை.

"என்னைய வையுங்கப்பா."

"எதுக்குத்தா?"

"பொய் சொல்லிட்டுப் போனேன்ல. கயல அவுக அம்மா எம்புட்டு வையிறாக! என்னைய மட்டும் யாருமே வைய மாட்டேங்கிறீக." என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வீட்டுக்கு விருந்தா வந்தவுகளத்தான் வையக்கூடாதுன்னு அம்மா சொல்லும். நான் இங்கதானப்பா இருக்கேன்."

பொய் சொல்வது தப்பு என்று ஆரம்பித்தேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கிருந்து வந்ததென்று தெரியாது, கத்திவிட்டேன். "இப்பிடிச் சொல்லாமக் கொள்ளாமப் போவியா? ஒரு வார்த்தை சொன்னா என்ன? நீ பாட்டுக்குப் போயிட்ட, இங்க மூணு பேரு கெடக்கோமே, அந்த நெனப்பு இருந்துச்சா ஒனக்கு?"

மூன்று பேர் என்று சொன்ன பிறகுதான், யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. வள்ளியைச் சேர்த்தால்தான் நாங்கள் மூன்று பேர்.

செந்தில் வாசலுக்கு ஓடிவந்து நின்றான். எதிர்வீட்டில் கதவு திறந்தது. வள்ளி ஓவென்று அழுதாள். "இனிமே போகமாட்டேன்ப்பா, இனிமே போகமாட்டேன்ப்பா" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அவளே கேட்டு வாங்கி இன்னொரு தோசை சாப்பிட்டாள். டிவி ரிமோட்டுக்காகச் செந்திலோடு மல்லுக்கு நின்றாள். நான் விலக்கிவிடப் போகவில்லை.

அவளைத் திட்டியது அவளிடம் போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்துவிட்டது. உன்னைத் திட்டியது இன்னும் என்னிடமே இருக்கிறது.