பத்துக் கம்பியில் ஆறு

காலையில் சால்டரிங் அயர்ன் சூடேறி, ஈயம் பற்றவைக்கும் பேஸ்ட் கருகும் வாசனை என் ரேடியோ ரிப்பேர் கடைக்குள் பரவியது. அந்த வாசனை வந்தாலே நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்டூலை வாசல் பக்கம் இழுத்துப் போடுவாய். இன்று மேசைமேல் கிடந்தது உன் பெடல் ஸ்டீல் கிட்டார். நீ போனபிறகு தாண்டிக்குடியில் அண்ணன் வீட்டோடு இருக்கும் உன் மனைவி, அதை ஜீப்பில் ஏற்றிவந்து இறக்கினாள்.

"இதுல நீங்க மாட்டுனத கழட்டிக் குடுங்கண்ணே. வாங்குறவரு பழையபடி வேணும்னு கேக்குறாரு. சும்மா கெடக்குறதப் பாத்துக்கிட்டே இருக்க எனக்கு முடியல."

கழற்றிக் கொடுத்துவிட்டேன். சின்ன சோலிதான். ஆனால் அதற்குப் பிறகு எதிலும் கை ஓடவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மூடுபனி. வெயில் வந்தாலும் எழுந்திருக்கத் தோன்றாது.

உன் ஊருக்கு வந்த ஒரு வெளிநாட்டு வாத்தியார் திரும்பிப் போகும்போது உன்னிடம் விட்டுச் சென்றது அந்தக் கிட்டார். முதலில் பார்த்தபோது ஏதோ தையல் மெஷின் என்று நினைத்தேன். நாலு காலில் நிற்கும் பலகை, அதன்மேல் படுத்துக் கிடக்கும் பத்துக் கம்பிகள், கீழே பெடல்கள். இடது கையில் இரும்புத் துண்டை வைத்துக் கம்பிமேல் வழுக்கவிடுவாய். வலது கையால் மீட்டுவாய். காலால் மிதித்தால் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரமே வளைந்து வேறொன்றாகும். ஞாயிறன்று சர்ச்சில் வாசிப்பாய். மற்ற நாள் சாயங்காலம் ஏரிக்கரை ஓட்டலில். அதுதான் உன் பிழைப்பு.

அந்த ஓட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். மறுநாள் நீ கடைக்கு வந்து சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "பாய், கிட்டார் சத்தம் மட்டும் போரடிக்குதாம். வயலின், ஃப்ளூட் எல்லாம் வேணுமாம். இல்லாட்டி கீபோர்டு ஆளப் போட்டுருவோம்ங்கிறாரு." உன் குரலில் கோபமே இல்லை. அலுப்புதான் இருந்தது.

சென்னையில் யாரோ பயன்படுத்திய சிந்தசைசர் பிக்கப் ஒன்றைத் தேடிப் பிடித்தாய். ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியாக வாங்கி ஒரு பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை வயலினாக மாற்றிக் கொடுக்கும். ஆனால் அது ஆறு கம்பிக் கிட்டாருக்குச் செய்தது. உன்னுடையதில் பத்து.

"நாலு கம்பிய விடணும்டா. எந்த நாலு?"

நீ எழுந்து போய்விட்டாய். இரண்டு வாரம் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வெள்ளனே வந்து, "மேல ரெண்டு, கீழ ரெண்டு விட்டுரு. வெரசா முடி, மனசு மாறிரும்" என்றாய்.

கம்பிகளுக்கு இடையிலான அகலமும் பொருந்தவில்லை. பிக்கப்பை உடைத்து, உள்ளே இருந்த ஆறு சுருள்களையும் எடுத்து, உன் கம்பிகளுக்கு நேராக ஒரு தகட்டில் ஒட்டினேன். கிட்டாரில் துளை போடவே கூடாது என்றாய். பசை டேப்பிலேயே நிறுத்தினேன்.

அதன்பிறகும் பெட்டி உன் வழிக்கு வரவில்லை. நீ சுரத்தை வழுக்கவிட்டால் அது படிப்படியாகத் தாவியது. இரும்புத் துண்டு கம்பியில் உரசினால் அதையும் ஒரு சுரமென்று எடுத்துக்கொண்டு கீச்சிட்டது. நான் ஒவ்வொரு அமைப்பாக மாற்றிப் பார்த்தேன். நீ கையை மாற்றிக்கொண்டாய். அத்தனை வருடப் பழக்கத்தை விட்டு, பெட்டிக்குப் புரியும்படி ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு, தொட்டதை அடக்கி, அடுத்ததற்குப் போனாய். மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே வாசித்தாய்.

அது உன் இசையைக் கெடுத்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஒருநாள் சொல்லியும்விட்டேன். நீ தலையாட்டி மறுத்தாய். "இல்ல பாய், இதக் கேளு." விட்டுப்போன கீழ்க் கம்பியை மீட்டினாய், வெறும் கிட்டார். நடுக் கம்பிக்கு வந்தாய், வயலின் எழுந்தது. ஒன்று கேட்க, மற்றது பதில் சொன்னது. "ரெண்டு பேரு பேசிக்கிறாப்ல இல்ல? அந்த நாலையும் விடாட்டி இது கெடைச்சிருக்காது."

இரண்டு சீசன் அப்படி ஓடியது. அப்புறம் மேனேஜர் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் போதும் என்று முடிவு செய்துவிட்டார். அதற்கடுத்த மழைக்காலத்தில்தான் உனக்கு மூச்சிரைப்பு வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்தது உன் உடம்பு மட்டும்.

ஓட்டலில் உன் கடைசிச் சாயங்காலத்தைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழை. நாலைந்து மேசையில்கூட ஆள் இல்லை. நான் வழக்கம்போல வயர் பையோடு வந்து உன் பின்னால் குனிந்தேன்.

"எந்திரி. அங்க போயி கஸ்டமர் மாதிரி உக்காரு" என்றாய்.

"ஒரு இரைச்சல் வருதுடா, பாத்துட்டு..."

"வந்துட்டுப் போகுது. இத்தன நாளா நீ இரைச்சலத்தான கேக்குற. இன்னிக்கு என்னையக் கேளு."

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தேன். நீயே சொல்லி அனுப்பிய டீ வந்தது. சர்ச்சில் நீ வாசிக்கும் ஒரு மெட்டை எடுத்தாய். கிட்டார் மெல்லக் கேட்டது. வயலின் யோசித்து யோசித்துப் பதில் சொன்னது. இடையில் நீ ஒருதடவை கண்ணை மூடிக்கொண்டாய். அசதியா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. டீ ஆறிப்போயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அன்று இரைச்சல் இருந்ததா, நின்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.