417-ஆம் பெட்டியின் நிறம்

மார்ச் 3
கண்காட்சியில் நிறுத்தப்போகும் பழைய ரயில் பெட்டி 417-ஐ இன்று எங்கள் பெயின்ட் ஷெட்டுக்குள் தள்ளினார்கள். முதன்முதலில் ஓடியபோது என்ன நிறமோ அதையே அடிக்க வேண்டுமாம். கோப்பில் நிறம் பற்றி ஒரு வரி கிடையாது. கதவோரம் நாணய அகலத்துக்குச் சுரண்டினேன். மேலே நீலம், கீழே வெளிர்மஞ்சள், தகட்டை ஒட்டிப் பச்சை. பச்சையேதான்!

மார்ச் 4
மாமனார் அந்தப் பெட்டி புதிதாக வந்த நாளிலிருந்து அதில் டிக்கெட் பரிசோதகராகப் போனவர். பச்சை என்று சாப்பிடும்போது சொன்னேன். "சிவப்பும்மா. செங்கல் சிவப்பு" என்று விடாமல் சொன்னார். நாத்தனார் குடும்பமே உட்கார்ந்திருக்க, "உங்களுக்கு ஞாபகம் தப்பிடுச்சு மாமா, இரும்பு பொய் சொல்லுமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மார்ச் 9
"நான் மாத்திரை போட்டுட்டேனா?" என்று மாமா இன்று மூன்று முறை கேட்டார். போட்டதும் காலண்டரில் பேனாவால் கோடு போடுகிறார். ஐம்பது ஸ்டேஷன் பெயரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிற மனுஷன்! நானா காரணம்? சே, வயசாகுது, அவ்வளவுதான்.

மார்ச் 11
பச்சை, முதல் கோட் முடிந்தது. ஏனோ இருப்புக் கொள்ளவில்லை.

மார்ச் 12
கதவைக் கழற்றினோம். கீலுக்கு உள்பக்கம் பொறித்திருந்த எண் 288. நான் சுரண்டியது வேறு பெட்டியின் கதவு! எப்போதோ பழுது பார்த்தபோது மாற்றி மாட்டியிருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் இது அன்றாடம் நடப்பது. சுரண்டுறதுக்கு முன்னாடி எண்ணைப் பாருன்னு பத்து வருஷமா ஊருக்கே சொல்றவ நான் — எங்க போச்சு என் புத்தி? ஜன்னலுக்குக் கீழே, பெட்டியின் சொந்தத் தகட்டில் சுரண்டினேன். நீலம், வெளிர்மஞ்சள். அடியில் செங்கல் சிவப்பு.

மார்ச் 13
ஃபோர்மேனிடம் சொன்னேன். "கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருக்கு. பச்சையாவே இருந்துட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.
"எங்க வீட்ல ஒருத்தருக்குத் தெரியும் சார்."
வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து நானே உரிக்கணுமாம். உரிக்கிறேன்.

மார்ச் 20
மாமாவிடம் வாய் திறந்து சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடித்த சிவப்பு காய்ந்ததும் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம்.

மார்ச் 22
கூட்டிப்போனேன். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — கதவு, எண், என் திமிர். "நீங்க சொன்னதுதான் மாமா சரி. சிவப்புதான்."
என்னை இரக்கத்தோடு பார்த்தார்.
"சிவப்பா? இல்லம்மா, பச்சைதான். எனக்கு நல்லா நினைவிருக்கு. சிவப்பு அடிக்கச் சொல்லி ஃபோர்மேன் மிரட்டினாரா உன்னை?"
வீடு வரைக்கும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.